ஆறாவது கேள்வியை நான் தள்ளிப்போட்ட கதை

அவைக்குத் தலைமை தாங்கி, ஏழே நிமிடத்தில் முடிக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் மொழித்துறைத் தலைவர் ஹால்வர்சன் அவர்களே! மே மாதத்திலும் விடாத பனியில் நானூறு மைல் காரோட்டி வந்த பெரியோர்களே! பட்டம் வாங்கும் பிள்ளையைவிடப் பதற்றமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வகுப்புக்கு வந்த மாணவர்களே, வராத மாணவர்களே, விலக்கு வாங்கி விரைந்தோடிய வித்தகர்களே! ரஷ்ய மொழி விரிவுரையாளர் ரயீசா லிவோவ்னாவின் அன்பு வணக்கம்.

என் பெயருக்கு நேரே வாழ்த்துரை என்று போட்டிருக்கிறார்கள். நான் வாழ்த்த வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்!

மூன்றாம் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, 'ஐயோ, என்னைப் பற்றியா?' என்று விழிக்கிறாரே, அவர் ரினாத் சக்தேயெவ். ரஷ்யாவின் உஃபா நகரத்துக்காரர். நாற்பத்தொரு வயதில் செவிலியர் பட்டம் பெறுகிறவர். அந்தப் பட்டத்துக்கு நான்கு பருவம் ஓர் அந்நிய மொழி வேண்டும். உஃபா கல்லூரிச் சான்றிதழைப் பதிவாளர் அலுவலகத்தில் நீட்டினார். வேதியியலுக்குக் கிரெடிட் கொடுத்தார்கள். உடற்கூற்றியலுக்குக் கொடுத்தார்கள். உயிரோடு ஒட்டிய ரஷ்ய மொழிக்கு? பூஜ்யம்!

"அது உங்க தாய்மொழியாச்சே. அந்நிய மொழியில சேராதுங்க."

"அப்ப இங்கிலீஷ் எனக்கு அந்நிய மொழிதானே? அதைச் சேத்துக்குங்க."

"அதெப்படிங்க முடியும்? ரயீசா மேடம்கிட்ட தேர்வு எழுதுங்க. ரஷ்யன் தெரியும்னு அவங்க கையெழுத்துப் போட்டா விலக்கு."

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை, நாலு மணி. கதவைத் தட்டினார்.

"ரயீசா லிவோவ்னா, எனக்கு ரஷ்யன் தெரியுமான்னு பாக்க வந்திருக்கேன்."

"உக்காருங்க. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கான்னும் பாத்துடலாம்."

தேர்வு இருபது நிமிடம். ஆறே கேள்விகள். மூன்றாவதில் நான் கடைக்காரி, அவர் வாடிக்கையாளர்; உடைந்த கெட்டிலைத் திருப்பித் தர வேண்டும்.

"ஓட்டைக் கெட்டிலை என் தலையில கட்டிட்டீங்களே!"

"வாங்கும்போது கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"உங்க பேச்சுல மயங்கிட்டேன், அதான் தப்பு!"

அம்மாடி! ரஷ்ய மொழியில் ஒரு மனிதரோடு சண்டை போட்டு எத்தனை காலம்! இந்த ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாக ரஷ்யன் பேசுகிறேன். என்ன பேசுகிறேன்? இது பேனா, அது ஜன்னல். மாணவர்கள் என்னை எதிர்த்துப் பேசுமளவு தேறியதும் விலக்கு வாங்கிப் போய்விடுகிறார்கள். ரஷ்யாவில் சரத்தோவ் நகரத்தில் இருந்த என் தங்கை இறந்துபோனபிறகு தொலைபேசியும் வாய் மூடிக்கொண்டது. வீட்டில் என்னோடு பேசுவது குளிர்சாதனப்பெட்டி ஒன்றுதான்.

அன்றே முடித்திருக்கலாம். முடித்தேனா? "நேரமாயிடுச்சு, மீதி அடுத்த வியாழன்" என்றேன். அடுத்த வியாழனும் அதையே சொன்னேன். ஐந்து கேள்விகள் தீர்ந்தபிறகு, "கெட்டில் விஷயம் தெளிவா இல்லை, இன்னொரு தடவை பாக்கலாம்" என்றேன். அவர் தேனில் பிசைந்த சக்-சக் என்ற தங்கள் ஊர்ப் பலகாரம் கொண்டுவந்தார். நான் தேநீர் போட்டேன். பதினோரு வாரம்! தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் காட்டாதீர்கள், முடிக்கப் போகிறேன்.

பன்னிரண்டாம் வியாழன் ஒரு கடிதத்தோடு வந்தார். மறுநாளுக்குள் விலக்கு வராவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் மினியாப்போலிஸ் மருத்துவமனை வேலை இல்லை. அந்த மனிதர் கோபப்படவில்லை. மெல்லக் கேட்டார்:

"நான் அவ்வளவு மோசமா பேசுறேனா, ரயீசா லிவோவ்னா?"

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. "மொத நாளே நீங்க பாஸ், ரினாத். நான்தான் உங்களை விடலை" என்றேன்.

மிச்சமிருந்தது ஆறாவது. அதில் மாணவர்தான் ஆசிரியரைக் கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்கு மட்டுமே மதிப்பெண்; ஆசிரியர் பதில் சொல்லத் தேவையில்லை என்று படிவத்திலேயே இருக்கிறது. அவர் சற்று யோசித்துக் கேட்டார்:

"நான் போனப்புறம் வியாழக்கிழமை யார்கூடப் பேசுவீங்க?"

முழு மதிப்பெண் போட்டேன். கையெழுத்திட்டேன். "அடுத்தவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றேன். அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வெளிய யாரும் இல்லைங்க" என்றார்.

அவையோரே! மொழி படிப்பதிலிருந்து விலக்குக் கொடுக்க என்னிடம் படிவம் உண்டு. பேச்சுத்துணை இல்லாமல் வாழ்வதிலிருந்து விலக்குக் கொடுக்க எந்த அலுவலகத்தில் படிவம் உண்டு? எந்தப் பதிவாளர் முத்திரை குத்துவார்? உங்கள் ஊரிலும் ஒருவர் இப்படி இருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்! பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்!

ரினாத், நாளைக் காலை உங்களுக்குப் பேருந்து. உங்கள் நோயாளிகள் கொடுத்து வைத்தவர்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர் வருகிறார். பதில் தேவையில்லை என்று படிவம் சொன்னாலும், உங்கள் ஆறாவது கேள்விக்கு இத்தனை பேர் முன்னிலையில் பதில் சொல்லிவிடுகிறேன்.

யார்கூடவும் இல்லை, ரினாத். யார்கூடவும் இல்லை.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. போய் வாருங்கள், பிள்ளைகளே. வணக்கம்.