மூக்கில்லாத ராணி

செவிலிமேடு பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்து, "உன் புள்ளை கழுத்துல தொங்குறது இங்கிலாந்து ராணிமா" என்றார். முழங்கால் வலியை மறந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

"ராணியா? பழைய வெள்ளிக்காசுன்னு எங்க மாமியார் கட்டிவிட்டதுங்க."

"காசு இல்லமா. முடிசூட்டின ஞாபகத்துக்குப் போட்ட பதக்கம். நான் இதுங்களைத்தான் சேர்த்துக்கினு இருக்கேன். பதிலுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கித் தரேன், குடுக்கிறியா? ஆமா, மூக்கைக் காணோமே?"

"பல்லு முளைக்கறப்ப எங்க வீட்டுக்காரரு கடிச்சாராம். அதுக்கு முன்னால அவங்கப்பா. இப்ப இவன் கடிக்கிறான். கொலுசையா சார் கடிப்பான்?"

அவர் பதக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க வீட்டு ராஜா ராணிங்க எல்லாம் பஞ்சுல தூங்கறாங்கமா. புள்ளை வளர்த்தது இவ ஒருத்திதான்."

குழந்தை ராணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.