வாளி கவிழ்ந்திருந்தது

கால்மிதி நன்றாக இருந்தால் அதை யாரும் பார்ப்பதில்லை, ஐயா. கண்ணில் பட்டால் அதில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஓரம் சுருண்டிருக்கும், கோணலாகக் கிடக்கும், அல்லது நாறும். ஜனங்கள் குனிந்து பார்க்காமல் மிதித்துவிட்டுப் போகும்படி மேட் விரிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. உங்கள் எழுத்தர் எழுதினால் சுருக்கிவிடுவார் என்றுதான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். பேனா கொடுத்ததற்கு நன்றி. உங்கள் நிலைய வாசலில் கிடப்பது தலைகீழாகக் கிடக்கிறது. போகிற போக்கில் யாரையாவது திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

பெரிய கட்டடங்களின் வாசல் மேட்டுக்கு மேலே நூல், அடியில் ரப்பர். வாரம் ஒருமுறை அழுக்கானதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, துவைத்ததை விரித்துவிட்டு வருவேன். அழுக்கு மேட்டில் எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றுகிறவன் அவசரக்குடுக்கை. முதலில் மண்ணை உறிஞ்சி எடுக்க வேண்டும், பிறகுதான் சோப்பு. மெல்லிய கம்பியில் காயப்போட்டால் நடுவில் மடிப்பு விழும், தடித்த உருளையில்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், காய்ந்த தரையில் விரிப்பது. ஈரத் தரையில் விரித்தால் ரப்பருக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் அகப்பட்டுக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்தக் கதை நடந்த கட்டடத்துக்கு நான்கு மாடி, எல்லாம் டாக்டர்களின் அறைகள். வாசலுக்கு உள்ளே முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்தவள் என் மனைவி. தரை துடைத்தவன் அவள் தம்பி, என் மச்சான். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தாய் தகப்பன் இல்லாத பையனை அவள்தான் வளர்த்தாள். முப்பது வயதுக்கு மேலும் அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

எனக்கும் அவனுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. தரை துடைத்ததும் அவன் தன் மஞ்சள் வாளியை முன்வாசல் தூணுக்கு வெளிப்பக்கம் வைப்பான். வாளி நிமிர்ந்திருந்தால் தரை இன்னும் ஈரம். கவிழ்ந்திருந்தால் காய்ந்துவிட்டது, விரிக்கலாம். வாளியே இல்லை என்றால் அவன் இன்னும் துடைத்து முடிக்கவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே நான் எப்போதும் முன்வாசல் வழியாகத்தான் போவேன். ஆறு வருடம், ஒரு வார்த்தை பேசாமல் அந்த வாளியை வைத்தே எங்கள் வேலை நடந்தது.

அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது விடியாது. "ஊருக்கெல்லாம் கம்பளம் விரிப்பாரு, வீட்டுல போத்துன போர்வைய மடிக்க மாட்டாரு" என்பாள். செவ்வாய்க்கிழமை அவள் எட்டு மணிக்கு வேலைக்கு வரும்போது புது மேட் வாசலில் விரிந்திருக்க வேண்டும், அதில் முதலில் படுகிற கால் அவளுடையதாக இருக்க வேண்டும். இது எனக்கு ஒரு பித்து. அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மிதிப்பதற்கு முன்னால் செருப்பை நன்றாகத் தட்டிவிட்டுத்தான் ஏறுவாள்.

அன்றும் செவ்வாய்க்கிழமை. வழியில் வண்டி பஞ்சர். சக்கரம் மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எட்டாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. மேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, விரித்து, ஓரத்தைக் காலால் நீவிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செருப்பைத் தட்டினாள். மேட்டைப் பார்த்து, "என்னங்க, இன்னிக்குக் கோணல்?" என்றாள். நான் கோணலைப் பார்க்கக் குனிந்தேன். அவள் கால் வைத்தாள். மேட் அவளைவிட முன்னால் போனது. பின்னந்தலை வாசற்படியின் கல் விளிம்பில் பட்டது. நான் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு தடவைதான் பேசினாள். ஒரு தடவை தண்ணீர் கேட்டாள். இன்னொரு தடவை, "தம்பியப் பாத்துக்கோங்க. அவனுக்கு யாருமில்ல" என்றாள். சரி என்றேன். என் வாழ்க்கையில் எனக்கு வேறு யாரும் இருந்ததில்லை. இப்போதும் காலையில் இரண்டு தம்ளரை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

அவள் விழுந்த அன்றே கட்டட மேனேஜர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தி, "தரை ஈரமா இருக்கறப்ப எப்படி மேட்டப் போட்டீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. "வாளி கவுந்திருந்துச்சு சார்." மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். கையில் அக்காவின் செருப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நானா கவுத்தேன், மாமா?"

"கவுத்துதான் இருந்துச்சு மச்சான். நான் பாத்தேன்."

"எனக்கு ஞாபகமே வரல மாமா. இன்னிக்குக் காலைல என்ன செஞ்சேன்னே வரல."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆறு வருடம் ஒரே வேலையைச் செய்த கைக்கு, எந்தக் காலை எது என்று எப்படித் தெரியும்? முதல் மாதம் இல்லை என்றான். இரண்டாம் மாதம் இருக்கலாம் என்றான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனால் நான் அடிக்கவில்லை. கேட்டபோதெல்லாம் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னேன், அவ்வளவுதான். நான்காம் மாதம் என் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மாமா கவுத்தேன். கை பழக்கத்துல கவுத்துட்டேன். அக்காவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதான். நான் அவனைத் தூக்கி உட்கார வைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சொந்தக்காரர்கள் நான்கு பேர் எதிரில்தான் சொன்னேன். என்னைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று பேசிக்கொண்டார்கள்.

கட்டடத்தில் அவன் வேலை அவள் விழுந்த வாரமே போய்விட்டது. அவளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. நான் மேட் துவைக்கிற கொட்டகையிலேயே அவனை வேலைக்கு வைத்துக்கொண்டேன். என் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. ஒழுங்காக வேலை செய்தான். குடி இல்லை, ஊர் சுற்றல் இல்லை. தூக்கமும் இல்லை, அது வேறு விஷயம். அவள் விழுந்த மேட்டை நான் தூக்கி எறியவில்லை. அந்தக் கட்டடத்துக்கே வாரம் விட்டு வாரம் போய் வந்துகொண்டிருந்தது. நல்ல மேட், இன்னும் ஐந்து வருடம் உழைக்கும். கொட்டகைக்கு வரும்போதெல்லாம் அதை அவனைத்தான் துவைக்கச் சொல்வேன். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீரில்தான் தேய்க்க வேண்டும் என்று முதல் தடவை அருகில் நின்று சொல்லிக் கொடுத்தேன். கறை ஒரு மாதத்தில் போய்விட்டது. அவன் ஒன்றரை வருடம் அதே இடத்தைத் தேய்த்தான். போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். தண்டனை கொடுக்க நினைத்ததில்லை, ஐயா. சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் துவைக்கும் மெஷினில் ஒரு கோளாறு உண்டு. உடம்பில் கை பட்டால் சுரீர் என்று இழுக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, உள்ளே வயர் போயிருக்கிறது, மாற்றும்வரை தடித்த ரப்பர் மேட் மேல் நிற்காமல் தொடக் கூடாது, தொட்டால் ஆளைக் கொல்லும் என்றான். அன்றிலிருந்து அதற்கென்று ஒரு ரப்பர் மேட் ஒதுக்கினேன். தினமும் காலையில் நான்தான் அதை மெஷின் முன்னால் விரிப்பேன். "கால் அது மேல இல்லாம கை வைக்காத" என்று அவனிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

போன புதன்கிழமை மாலை அவன் ஓடி வந்தான். அவன் ஓடிப் பார்த்தே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் முன்பு லிஃப்ட் ஓட்டியவர், அவள் விழுந்த வாரமே வேலையை விட்டு மகள் வீட்டுக்குப் போனவர், தெருவில் அவனைப் பார்த்துப் பேசியிருக்கிறார்.

"மாமா, அன்னிக்கு மூணாவது மாடில ஒரு குழந்தை வாந்தி எடுத்துடுச்சாம். வாசலத் துடைச்ச கையோட வாளியத் தூக்கிட்டு அவர் லிஃப்ட்லதான் போனேனாம். கீழ சத்தம் கேட்டப்ப நான் மேல தொடைச்சுக்கிட்டு இருந்தேனாம். வாளி எங்கிட்டதான் இருந்திருக்கு மாமா. அவர் சொன்னதும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. நான் கவுக்கல. அக்காவ நான் கொல்லல."

அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். சிரிக்கும்போது அப்படியே அவள் முகம். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குத்தான் ஆறுதல் சொன்னான். "நீங்க பாத்தது நெசம்தான் மாமா. வேற யாரோ வேற வாளியக் கவுத்து வச்சிருக்காங்க. நாளைக்கு ரெண்டு பேரும் போயி மேனேஜர்கிட்ட கேப்போம். யாருன்னு தெரிஞ்சே ஆகணும்."

"போலாம்" என்றேன். "காலைல ஒரு லோடு துவைச்சுட்டுப் போலாம்."

அன்று ராத்திரி அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். நான் உட்கார்ந்து யோசித்தேன். நியாயமாகத்தான் யோசித்தேன். தப்பைச் சுமந்ததால்தான் அவன் ஒழுங்காக இருந்தான். இறக்கி வைத்தால் ஆள் கெட்டுப்போவான். அவன் வாசல் வாசலாகப் போய் அக்கா செத்த கதையைக் கிளறினால் அவள் ஆத்மா என்ன பாடுபடும்? இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாரத்தை ஒருவன் இறக்கி வைத்தால் அது தரையிலேயே கிடக்குமா? வேறு யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்? எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முதுகு சரியில்லை.

வியாழக்கிழமை காலை மெஷின் முன்னால் வேறு மேட் விரித்தேன். அடியில் ரப்பர் இல்லாத, வெறும் துணி வைத்த பழைய மேட். தண்ணீரில் ஊறவைத்து விரித்தேன். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அவன் குனிந்து பார்ப்பான் என்று நான் பயப்படவில்லை. நான் விரித்ததை என் வீட்டில் யாரும் பார்த்து மிதிப்பதில்லை. வெறுங்காலோடு வந்தான். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று புதுச் சட்டை போட்டிருந்தான். "அழுக்காயிடும்டா, கழட்டி மாட்டு" என்றேன். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷினில் கை வைத்தான். சத்தம் எதுவும் வரவில்லை.

நீங்கள் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி. வேலை நேரத்தில் அந்த ரப்பர் மேட் ஏன் வெளியே உருளையில் காய்ந்துகொண்டிருந்தது என்று கேட்டீர்கள். காலையில் அதை எடுத்து ஓரமாகப் போட்டபோது ஈரத் தரையில் நனைந்துவிட்டது, ஐயா. மெஷின் முன்னால் திரும்ப விரித்துவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்புவதுதான் என் திட்டம். ஈர மேட்டை விரிக்க என் கை ஒத்துக்கொள்ளவில்லை. காயட்டும் என்று வெயிலில் போட்டேன். அது காய்வதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். இல்லையென்றால் இது விபத்து என்றே முடிந்திருக்கும்.

ஆக, என் மச்சானைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. அவன் நல்லவன். அவளுக்கு நான் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினேன், அவனை ஒரு நாளும் பட்டினி போடவில்லை. அவன் புதுச் சட்டை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. யாராவது எடுத்து மடித்து வையுங்கள், மழைக்காலத்தில் கொட்டகைக்குள் பூஞ்சை பிடிக்கும்.

நேற்று நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. பஞ்சர் ஆன அன்று நேரமாகிவிட்டது, முன்பக்கம் வண்டி நிறுத்த இடமில்லை. பின்வாசலில் நிறுத்தி, சரக்கு இறக்கும் வழியாகத்தான் உள்ளே போய் விரித்தேன். அந்தக் கட்டட வாட்ச்மேன் உங்களிடம் சொன்னது உண்மை. அங்கிருந்து வருகிறவனுக்கு முன்வாசல் தூணின் வெளிப்பக்கம் தெரியாது. ஆனால் வாளி கவிழ்ந்துதான் இருந்தது, ஐயா. மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.