இனிஷியல் இல்லாத பேர்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ். முன் சீட்டில் ஒரு பெரியவர், பக்கத்தில் ஒரு பெண். பேச்சை வைத்துப் பார்த்தால் அவருடைய மகளின் தோழி. கையில் போன்.

“ஏஞ்சாமி, செத்துப்போன எம்புள்ள பேருக்கு முன்னால இந்தக் கட்டம் எதுக்கு?”

“அது ஹேஷ்டேக்குங்கப்பா.”

“கேஸ் சிலிண்டர் புக் பண்றப்ப போன்ல அமுக்கச் சொல்லுவாங்களே, அதா?”

“அதே குறிதானுங்க. யாரோ வெளிநாட்டுக்காரர் இப்படிப் போட ஆரம்பிச்சாருங்க. இதைத் தொட்டா, நம்ம பூங்கொடியைப் பத்தி எல்லாரும் எழுதுனது ஒரே எடத்துல வரும். ஜனம் பேசுனாத்தானுங்க போலீஸ் அந்த லாரியத் தேடும்.”

இடித்துவிட்டு நிற்காமல் போன லாரி. ரோடு முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார்கள், ஒரு லாரியைப் பிடிக்கத் துப்பில்லை. அதற்குப் பெற்றவர் போனில் கட்டம் போடப் படிக்க வேண்டியிருக்கிறது.

“இனிஷியலைக் காணோமே? க.பூங்கொடின்னு போடு சாமி. கந்தசாமி புள்ளைன்னு தெரியோணுமல்ல?”

“புள்ளி வெச்சா அதோட அறுந்துருமுங்கப்பா.” அடித்தே காட்டினாள். “பாருங்க, க மட்டுந்தான் நீலமாயிருக்குது. பேரு தனியா நிக்குது. இதைத் தொட்டா அவ வரமாட்டா.”

அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூடத்துல சேத்தறப்ப அந்தக் கானாவ நாந்தான் சொல்லிப் போட வெச்சேன்.”

அவள் போனை அவரிடம் நீட்டினாள்.

“என்னைய எடுத்துரு சாமி,” என்றார். “லாரிக்காரன் சிக்குனாப் போதும்.”