எட்டடித் தூரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான் ஐயா, பரவாயில்லை. நீங்கள் கேட்டதற்கு முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கேமரா விஷயம் தெரியாமல் கேட்டால் என்னைக் கிறுக்கன் என்று எழுதிக்கொள்வீர்கள். நான் அப்படியில்லை. பெயர் ராயப்பன், சேலத்துக்காரன். நாமக்கல்லில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறேன்.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்துப்போய் உட்காருவார்கள். பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியார் வைத்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், தெருவில் போகிறவர்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்த படங்களைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போவேன். நம் ஜனங்கள் கேமராவைக் கண்டால் விடுவார்களா. "இருங்க சாமி, துண்டப் போட்டுக்கறனுங்க" என்று வெற்றிலைக்காரர் எழுந்து நிற்பார். கறிவேப்பிலை விற்கிற அம்மா தலையைப் படியத் தடவிக்கொண்டு, அடுத்த கடைக்காரியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். அதற்கு ஸ்டுடியோவே தேவலை. பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். என் யாஷிகா கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். பழகிவிட்டால் அதுவும் வேண்டாம். லென்ஸில் தூரத்தை முன்கூட்டியே எட்டடிக்கு வைத்துவிட்டு, ஆள் எட்டடிக்குள் வந்ததும் பேசிக்கொண்டே விசையை அழுத்தினால் போதும்.

ஒருநாள் லாரிப் பட்டறைப் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். ஊர் திரும்பிய டிரைவர் ஒருவர், பெஞ்சிலிருந்த பெரியவரிடம் அவர் மகன் ஓட்டிப்போன வண்டி மலை இறக்கத்தில் கவிழ்ந்துவிட்டது என்றார். இந்த ஊரில் சேதி அப்படித்தான் வரும். பம்பாய் போனவனைப் பற்றி இன்னொரு வண்டிக்காரன்தான் வந்து சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவன் சொன்னாலும் நம்புவார்கள், வேறு வழியில்லை. என் விரல் தானாக விசையை அழுத்திவிட்டது. ஃபிலிமைக் கழுவி அந்த முகத்தைப் பார்த்தேன். ஒளிவு மறைவு ஒன்றுமில்லாத முகம். என் அம்மா செத்தபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், அதுகூட அவ்வளவு உண்மையாக இல்லை.

அப்படி இன்னொரு முகத்துக்காக மாசக்கணக்கில் டீக்கடையில் காத்துக் கிடந்தேன். நாம் கேட்கிற நேரத்திலா விபத்து நடக்கும். கடைசியில் நானே சொன்னேன். பச்சமுத்து என்று ஒரு பஞ்சர் கடைக்காரர், அவர் தம்பி லாரியில் கிளீனர். "உங்க தம்பி போன வண்டி கவுந்திருச்சாமுங்க" என்றேன். படத்தை எடுத்துக்கொண்டு, உடனே "அட, அது வேற வண்டிங்களாமா" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை ஐயா. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்துல பால வார்த்தீங்க சாமி" என்று டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னால் இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சிலரிடம் சொன்னேன். எல்லோரிடமும் திருப்பிச் சொல்லிவிடுவேன். அதில் நான் நேர்மை தவறியதில்லை.

சௌந்திரத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். புருஷன் சுப்பையன் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போவார். வண்டி திரும்புகிற நாளில் அவள் தூக்குப்போசியில் சுடுசோறு கொண்டுவந்து, சேலம் ரோட்டுப் புளியமரத்தடியில் நிற்பாள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் நின்றாள். வெயில் சாய்ந்து முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அதிக நேரம் நிற்காது.

எட்டடி தள்ளி நின்று, சுப்பையன் வண்டி கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிவிட்டாள், படம் வீணாகிவிட்டது.

"யாருங்க சொன்னாங்க? நல்லாத் தெரியுங்களா? உசுரோட இருக்கறாங்களா, அத மட்டும் சொல்லுங்க சாமி" என்று கேட்டாள்.

வேற வண்டிங்க என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் முடிகிற பேச்சு, வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லிவிட்டால் அந்த முகம் போய்விடும். நானோ இன்னும் ஃபிலிமைச் சுற்றி முடிக்கவில்லை. சுற்றினேன், அழுத்தினேன். அதற்குள் அவள் எதிர்ப்பக்கம் இருந்த லாரி புக்கிங் ஆபீஸை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். தூக்குப்போசியைக் கீழே வைக்கக்கூட இல்லை. நான் கூப்பிட்டேன் ஐயா. பஸ் வந்த சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த பஸ் டிரைவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாமே, பாவம், விட்டுவிடுங்கள். பொய் சொன்னது நான். அவளை ரோட்டில் ஓடவிட்டதும் நான். அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறமும் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை என்கிறீர்கள். அப்போது சுப்பையன் வண்டி இன்னும் வந்திருக்கவில்லையே. வழியில் எங்கோ தாமதமாகி, மறுநாள் விடிந்துதான் வந்தது. ஆபீஸ்காரர்கள் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்லலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். நான் புதுச் சுருள் போட்டுக்கொண்டு ரோட்டில் முன்னாலேயே நடந்துபோய், வண்டிகள் வேகத்தைக் குறைக்கிற திருப்பத்தில் நின்று கையைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். எட்டடிக்குள் வந்ததும், சௌந்திரம் செத்துப்போனதைச் சொன்னேன்.

"பொய்யின்னு சொல்லிப்போடுங்க சாமி" என்று என் சட்டையைப் பிடித்தார். அதற்குள் நான் படத்தை எடுத்துவிட்டேன். விசை விழுந்த சத்தம் கேட்டுக் கேமராவைப் பார்த்த கிளீனர்தான் என்னைப் பிடித்து உங்களிடம் கொண்டுவந்தான்.

அந்தச் சுருள் உங்கள் மேசைமேல் இருக்கிறது. தயவுசெய்து வெளிச்சத்தில் பிரித்துவிடாதீர்கள். சுப்பையன் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், ஆனால் நான் ஏமாற்றிவிட்டேன் என்று மட்டும் அவர் நினைக்கக் கூடாது. மற்ற எல்லோரிடமும் பொய்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அவரிடம் உண்மையைத்தானே ஐயா சொன்னேன்.