அவன் அழுத்திப் பார்க்கவில்லை

ஆறிப்போன டீதான் எனக்குப் பிடிக்கும். வேறு போட வேண்டாம்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் அலையேறுகிறவர் இல்லை என்பது உங்கள் தோளைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சர்ஃப் பலகையின் வால்பக்கம், அடியில், மீன் துடுப்புபோல மூன்று ஃபின்கள் நிற்கும். மணற்கரையில் இடுப்பளவு அலைக்கு வளைந்துகொடுக்கிற சின்ன ஃபின் போதும், பலகை விளையாடும். நம் பாறைத்திட்டுக்கு அது ஆகாது. அங்கே அலை குழாய்போலச் சுருண்டு, முழங்கால் ஆழத்தில் கிடக்கும் பாறைமேல் விழுகிறது. அகலமான, விறைப்பான ஃபின்தான் அந்தச் சுவரைக் கவ்விப் பிடிக்கும். இந்தக் கரையில் பாதிப் பேருக்கு ஃபின் செய்து கொடுத்தவன் நான். ஆளின் எடை, கால் ஊன்றுகிற விதம், போகிற அலை, மூன்றையும் கேட்காமல் கொடுத்ததில்லை.

நீங்கள் கேட்கிற அந்த ரீஸ் நல்லவன். கனத்த உடம்பு, பின்காலை அழுத்தி ஓட்டுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு நடு ஃபின்தான் உயிர்.

அவனிடம் ஒரே ஒரு குறை. அலை உடைகிற முனைக்கு யார் அருகில் இருக்கிறாரோ, அலை அவருடையது. மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். எங்களிடம் இருக்கிற சட்டம் அது ஒன்றுதான். ரீஸ் அந்தக் குளிர்காலம் முழுக்க என் அலைகளில் குறுக்கே இறங்கினான்.

"பெரிசு, நீ எந்திரிக்கிறதுக்குள்ள அலை கரைக்குப் போய் குளிச்சுட்டு வந்துடும். வீணாப் போக விடலாமா?" என்பான். சுற்றி மிதப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என் கொட்டகைக்கு வந்தான்.

"தெற்கே பெரிய புயல் கிளம்புது பெரிசு. நல்லாக் கவ்வுற மாதிரி ஒரு செட்டு செஞ்சு குடு."

செய்தேன். பக்கத்து இரண்டையும் நேர்மையாகச் செய்தேன். நடு ஃபினில் கண்ணாடியிழை அடுக்குகளைக் குறைத்துவிட்டேன். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான்; அழுத்தினால்தான் அது வளைவது தெரியும். புது ஃபின் கைக்கு வந்தால் எவனும் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். ரீஸும் விரலை நீட்டினான், அப்புறம் மடக்கிக்கொண்டான்.

"நீ செஞ்சதை அழுத்திப் பாக்குறதா? எங்கம்மா சமைச்சதை மோந்து பாத்த மாதிரி ஆயிடும்."

அவன் அழுத்தியிருந்தால் நான் வேறு கொடுத்திருப்பேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

புயலலை வந்த காலையில் தண்ணீரில் நாங்கள் சிலபேர்தான். முதல் பெரிய அலை என்னுடையது. அவன் குறுக்கே இறங்கினான். நான் ஒதுங்கிக்கொண்டேன். அவன் பின்காலை அழுத்தினான். பலகையின் வால் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. நுரைக்குள்ளிருந்து அவன் எழும்பியபோது முகம் முழுக்க இரத்தம். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். ஒரு கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டான். "மெர்வ்" என்று என் பெயரைச் சொன்னான். பெரிசு என்று சொல்லவில்லை.

அடுத்த அலை என் பின்னால் எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மிக அருகில் இருந்தவன் நான். குறுக்கே யாருமில்லை. ஏறினேன். அவன் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பலகையைச் சற்று மேலே ஏற்றினேன். ஃபின்கள் நன்றாகக் கவ்வின. அப்படியொரு அலை எனக்கு வாய்த்ததே இல்லை.

கொல்ல நினைத்ததில்லை. ஒருமுறை விழுந்தால் ஒழுங்கு வரும் என்றுதான் நினைத்தேன். கரையேறி, பலகையைக் கழுவி, உடை மாற்றிய பிறகே கடலைத் திரும்பிப் பார்த்தேன். பாடம் படிக்கிறவனை அவசரப்படுத்தக் கூடாது.