மானிட்டரை அணைத்தால் போதாது

மினி பிசி வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் சார் கேப்பாங்க. தக்கனூண்டு இருக்கே, இது வேலை செய்யுமான்னு. பதினாலு வருஷமா கடை வெச்சிருக்கேன், ஒரு தடவைகூட சலிச்சுக்கிட்டதில்லை. படிக்க, படம் பாக்க, வீட்டுலேருந்து வேலை பாக்க, எல்லாத்துக்கும் தாராளமா போதும்னு சொல்லுவேன். மானிட்டர் முதுகுல மாட்டிட்டா இருக்கிறதே தெரியாது, சத்தமும் வராது. ஒண்ணை மட்டும் மறக்காம சொல்லி அனுப்புவேன்: "மானிட்டரை அணைச்சா கம்ப்யூட்டர் அணைஞ்சதா அர்த்தமில்லீங்க." பாதிப் பேர் மண்டையில அது ஏறாது.

என் வீட்டுல பழைய பெரிய கம்ப்யூட்டர் பெட்டியே நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. என் மச்சான், அதான் என் பொண்டாட்டியோட அண்ணன், அவ பிறந்தநாளுக்குன்னு மினி பிசி வாங்கிட்டு வந்தார். அதுவும் வேற கடையில. நான் அதைப் பெரிசா எடுத்துக்கல. நானே உக்காந்து மாட்டிக் கொடுத்தேன். அவ அதுல ஆன்லைன்ல பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சா. மூணு பசங்க ஒன்பது ஆனாங்க. வீட்டுல அவ சிரிக்கிற சத்தம் கேட்டுது. யார்கிட்ட சிரிக்கிறான்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?

மாட்டும்போதே சின்னதா ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தேன். அவ டைப் பண்றதெல்லாம் என் கடைக்கு வரும். கேமராவையும் அங்கேருந்தே பாக்கலாம். கேமரா ஓடினா ஒரு பச்சை விளக்கு எரியும், அது கண்ணைக் கூசும்னு அவகிட்ட சொல்லி விளக்கு மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். அக்கறையுள்ள புருஷன் எவனும் செய்றதுதான்.

போன வியாழக்கிழமை அவ அண்ணனுக்கு எழுதினதைப் படிச்சேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்துடு, ரெண்டு செட் துணியும் இந்தச் சின்னக் கம்ப்யூட்டரும் போதும், எங்கே இருந்தாலும் பொழைச்சுக்குவேன்னு எழுதியிருந்தா. பழைய பெட்டின்னா அவளால தூக்கிட்டு நடக்க முடியாது. இது கைப்பையில போயிடும். எனக்கு வயிறு எரிஞ்சது அங்கேதான் சார்.

ஞாயித்துக்கிழமை கடைக்குக் கிளம்புறேன்னு சொல்லிட்டு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன். மச்சான் அரைமணி முன்னாடியே வந்து சோபாவுல உக்காந்திருந்தார். அவ பசங்களுக்கு அஞ்சு கணக்குக் கொடுத்துட்டு உள்ளே துணி அடுக்கிட்டிருந்தா. நான் கோபப்படல.

"நானே கழட்டித் தர்றேன் மச்சான். மேசைக்கு அடியில ப்ளக் இருக்கு, பிடுங்குங்க"ன்னேன்.

திரையில பசங்க தலையைக் குனிஞ்சு எழுதிட்டிருந்தாங்க. பாவம், சின்னப் பசங்க, இதெல்லாம் பாக்கக்கூடாதுன்னு மானிட்டர் பொத்தானை அமுக்கினேன். மச்சான் முட்டி போட்டுக் குனிஞ்சார். பழைய பெட்டி ஓரமாத்தான் இருந்தது, பதினோரு கிலோ. முதல் தடவை தலையில போட்டதும் திரும்பிப் பாத்தார். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் பாக்கல. தகரம் மூலை மடங்குற வரைக்கும் போட்டேன், ஏழோ எட்டோ. அவர் கை ப்ளக் வரைக்கும் போகவே இல்லை.

அவ ஓடிவந்து அண்ணன் மேல விழுந்தா. பெட்டி அவ முகத்துல பட்டுடுச்சு.

நான் பாதித் தரையைத் துடைச்சிருப்பேன், நீங்க கதவைத் தட்டிட்டீங்க. ஒன்பது பசங்க வீட்டுலேருந்தும் ஸ்டேஷனுக்குப் போன் வந்துச்சுன்னு நீங்க சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. ஊருக்கெல்லாம் சொன்னவன், நானே மானிட்டரை மட்டும் அணைச்சுட்டு நின்னிருக்கேன். சிரிப்புத்தான் வருது.

ஆமா, மச்சானை நான்தான் கொன்னேன். மறைக்க என்ன இருக்கு, எழுதிக்குங்க. ஆனா அவளை அடிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க சார். போன வருஷம் அவ மணிக்கட்டு உடைஞ்சது கதவு இடுக்குல மாட்டினதால, கதவை நான் சாத்தினேன், அவ்வளவுதான். கல்யாணமான ஆறு வருஷத்துல அவமேல கை வெச்சதில்லை. ஆஸ்பத்திரியில தாடைக் கட்டைப் பிரிச்சதும் கேளுங்க, அவளே சொல்லுவா.