செருப்பைத் திருப்பி வைத்த பேய்

மேடையில் வீற்றிருக்கும் ஸ்டுடியோப் பெரியவர்களே, உஸுமாஸா வட்டாரத் திரைத் தொழிலாளத் தோழர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! 'நனைந்த வாசல்' படத்தில் ஹிசாயோ அம்மையாரை ஏரியில் தள்ளிக் கொன்ற கணவன், தோகுஜி பேசுகிறேன். இன்றுவரை மீன்கடைக்காரம்மா எனக்கு நல்ல அயிலை தருவதில்லை. அந்தப் பெருமை யாரைச் சேரும்? நம் நடிப்பரசி குஸுமோதோ ஹிசாயோவையே சேரும்!

பழிவாங்கும் பேய் என்றால் அலற வேண்டாமா? ரத்தம் கக்க வேண்டாமா? டைரக்டர் அதைத்தான் கேட்டார். அம்மையார் மறுத்துவிட்டார்.

"எதுக்குங்க கத்தணும்? நான் அவரு பொண்டாட்டி. வாசல்ல அவரு செருப்பைத் திருப்பி வைக்கிறேன், உசிரோட இருந்தப்ப வச்ச மாதிரியே, கிளம்பத் தோதா. அது போதும்."

அவ்வளவுதான் ஐயா! ஒவ்வொரு காலையும் கணவனின் செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும், ஏரித் தண்ணீர் சொட்டச் சொட்ட. கூச்சல் இல்லை, கோரம் இல்லை. அந்த ஈரச் செருப்பைப் பார்த்து எத்தனை ஆண்பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்!

அந்தக் கதை ஓகினு என்ற பெண்ணுக்கு உண்மையில் நடந்தது. அவள் கல்லறை மலையடிக் கோயிலில் இருக்கிறது. முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் நாட்களில் ஆண்டுதோறும் நம் படம் ஓடும். அதற்கு முன் அம்மையார் கல்லறைக்குப் போய், பூ வைத்து, படம் ஓட்ட ஓகினுவிடம் உத்தரவு கேட்பார். நானும் வருகிறேன் என்றால் விரட்டுவார்.

"கொலைகாரரே, உங்க மூஞ்சியைப் பாத்தா அவ உத்தரவு குடுப்பாளா? பேசாம வீட்டுல கிடங்க!"

அடுத்த வாரம் ஓபோன். உத்தரவு கேட்க அம்மையார் இல்லை. வேறு யாருக்கும் துணிவில்லை. படத்தையே நிறுத்திவிடலாம் என்கிறார் தியேட்டர்காரர். நிறுத்துவதா? அம்மையாரின் உழைப்பைப் பெட்டிக்குள் பூட்டுவதா?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் நீங்க போங்க. படம் முடியிற வரைக்கும் ஓகினுகிட்ட ஒரு மன்னிப்பு கேக்கலையே நீங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிறைவாக வாழ்ந்த முகம் அது. எனக்கு அழத் தோன்றவில்லை.

போகிறேன்! நாளைக்கே போகிறேன். விழுந்து மன்னிப்புக் கேட்டு, உத்தரவு வாங்கி வருகிறேன். நான் இருக்கும்வரை ஓபோனில் இந்தப் படம் ஓடும். இது உறுதி!

இந்த மண்டப வாசலில் அவசரத்தில் செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது அது தெருவைப் பார்த்து நேராக இருந்தால், தோழர்களே, யாரும் பயப்படாதீர்கள். அம்மையார் என்னைக் கோயிலுக்கு அனுப்பி வைக்கிறார், அவ்வளவுதான்.